தேக்கி வைத்த பென்ஷன்



விக்கிரமசிங்கபுரத்தில் ஆலைச் சங்கு ஊதித்தான் பொழுது விடியும் என்றிருந்த காலம் உண்டு. ஹார்வி சகோதரர்கள் தொடங்கி, பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆன நூற்பாலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன.

ஏதோ ஓர் ஆலையில் 15 வருஷம் உழைத்து, 50 வயதில் வேலையை விட்ட அண்ணாச்சி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணம் நெருங்குகிறது. "ஒங்க பென்ஷன மொத்தமா இப்பவே வாங்கித் தாரேன், கமிஷன் மட்டும் குடுங்க" என்று ஒரு போன் வருகிறது.

நம்பலாமா? கூடாது. 1995 நவம்பர் 16-இல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருஷ சர்வீஸ் நிறைந்தவருக்கு, 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. மொத்தமாக எடுக்க வழியில்லை. வேலையில் இல்லாதவர் 50 வயதிலிருந்தே மாதப் பென்ஷன் கேட்கலாம். ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும். அந்தக் குறைவு ஆயுசுக்கும் தொடரும். காத்திருக்க முடிந்தவர்கள் தங்கள் சர்வீஸுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, தரகரும் தேவையில்லை. சந்தேகம் வந்தால் பி.எஃப். அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். பி.எஃப். உதவி எண் 14470-க்கும் போன் செய்யலாம். யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். மோசடியில் பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பாபநாசம் அணைத் தண்ணீரைப் பயிருக்கு வேண்டிய காலத்தில்தானே திறக்கிறோம்? பென்ஷனும் உழைத்துத் தேக்கிய தண்ணீர்தான். மடையின் சாவியை அந்நியர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.