கிலுகிலுப்பைச் செடியருகே கொஞ்சம் நில்லுங்கள்

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்களுக்குக் குண்டலுபேட்டை என்றதும் நினைவுக்கு வருவது பூக்கள்தான். ஜூலை, ஆகஸ்டில் சாலையின் இருபுறமும் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்துக் கிடக்கும். வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்காமல் போகிறவர்கள் குறைவு. அந்தக் கேமராவைச் சற்றே வரப்பின் பக்கம் திருப்பச் சொல்வதுதான் இன்றைய பேச்சு.

வரப்பில் மஞ்சள் பூவோடு ஒரு செடி நிற்கும். காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலக்கும். ஆமாம், நம் கிலுகிலுப்பைதான். நல்ல வெயில் ஏறியதும் அதில் நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்று வண்ணத்துப்பூச்சிகள் வந்து அப்பிக்கொள்ளும். தேனுக்காகத்தான் என்று நினைப்போம். அருகே போய்க் கவனித்தால், பூவே இல்லாத கிளையிலும், வாடிய இலையிலும் உட்கார்ந்திருக்கும். கால் நகத்தால் இலையைக் கீறி, கசியும் சாற்றை உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் ஆண்கள். அந்தச் சாற்றிலுள்ள ஆல்கலாய்டிலிருந்துதான் பெண்ணைக் கவரும் மணத்தை அவை உண்டாக்கிக்கொள்கின்றன. கொத்த வரும் பறவைக்கு வாய் கசப்பதற்கும் அது உதவுகிறது. சாற்றில் மூழ்கிய நேரத்தில் அவை எளிதில் பறந்துவிடுவதில்லை. படம் எடுக்க இதைவிட நல்ல தருணம் ஏது?

இவை பயணிகளும்கூட. தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிகளை நோக்கிப் பறக்கின்றன. அக்டோபர், நவம்பரில் மீண்டும் மேற்கே திரும்புகின்றன. ஒரு பக்கம் பந்திப்பூர் காடு, அதற்கப்பால் நீலகிரி, இன்னொரு பக்கம் பிலிகிரிரங்கன் மலை என்று குண்டலுபேட்டை நடுவில் கிடக்கிறது. பந்திப்பூர் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. யானைக்கும் மானுக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் வண்ணத்துப்பூச்சி பகலில் பறப்பதாயிற்றே! கூட்டமாகச் சாலையைக் கடப்பதைப் பார்த்தால், ஓட்டுநர்களே, வேகத்தைக் குறையுங்கள்.

குறைந்துவருகின்றனவா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2020 வரை வண்ணத்துப்பூச்சிகளின் எண்ணிக்கை 22 சதவீதம் சரிந்தது என்று 2025 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அங்கே அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், தன்னார்வலர்கள் உட்பட ஏராளமானோர் பல ஆண்டுகளாக எண்ணி வைத்த கணக்கு. நம் பக்கத்தில் நீலகிரியின் வண்ணத்துப்பூச்சிகளை 1880களில் ஹாம்ப்சனும், 1940களில் விண்டர்-பிளைத்தும், 1980களில் டோர்பென் லார்சனும் பட்டியலிட்டார்கள். அவற்றோடு இன்றைய நிலையை ஒப்பிட, நாளும் இடமும் குறித்த பதிவுகள் ஏராளமாக வேண்டும். உங்கள் கைபேசிப் படத்துக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

பந்திப்பூரில் புதராக மண்டிவிட்ட உண்ணிச்செடி ஒரு வேதனையான விஷயம். அதன் பூவில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறோம். ஆனால் அந்தப் பூச்சிகளின் புழுக்கள் தின்னும் செடிகொடிகளை அது நெருக்கி அழிக்கிறது. நீல வரியனின் புழுவுக்குக் கொடிப்பாலை வேண்டும், வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். கர்நாடகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியான, கருப்பும் தங்க மஞ்சளுமான அந்தப் பெரிய அழகிக்கு ஈஸ்வரமூலிக் கொடி வேண்டும். இவை இல்லாமல் தேன் மட்டும் கிடைத்து என்ன பயன்? எருக்கைக் களை என்று பிடுங்குவதற்கும், வரப்பெல்லாம் மருந்தடிப்பதற்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

நேரம் நெருங்குகிறது, படம் எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலை வெயிலில் சிறகு விரித்துக் குளிர் காயும்போது போங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. மூடிய சிறகையும் எடுங்கள், இனம் கண்டுபிடிக்கப் பல சமயம் அடிப்பக்கம்தான் உதவும். பிடித்து, குளிர்பெட்டியில் வைத்து மயங்கச் செய்து எடுப்பவர்கள் உண்டு. அது கொடுமை, வேண்டாம். காட்டுச் சாலையில் இறங்குவதற்கும் அனுமதி இல்லை. ஊரோர வரப்பும் ஏரிக்கரையும் போதும்.

செப்டம்பர் வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்கும் மாதமாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது. அடுத்த செப்டம்பரில் குண்டலுபேட்டையிலிருந்து நேயர்கள் எடுத்த படங்களும், ஊர்ப்பெயரும் தேதியுமாக, அந்தக் கணக்கில் சேரும் என்று நம்புகிறோம்.