பூனை பார்த்த திசை



பழைய நிழற்படங்களைப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு. அதனோடு ஒரு துன்பமும் உண்டு. மறந்தவர்களை மீண்டும் காண்பது இன்பம். நாம் காண விரும்பும் ஒருவர் அங்கே இல்லாதிருப்பது துன்பம். இன்று எங்கள் வீட்டுப் படத்தொகுப்பைப் பற்றியும், அதில் இடம் பெற்ற ஒரு பூனையைப் பற்றியும் சில சொற்கள் கூற விரும்புகிறேன். பூனையைப் பற்றிப் பேசுவதற்கு வானொலியா என்று நீங்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டே கேளுங்கள்.

எங்கள் வீடு கும்பகோணத்தில் இருந்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று நீண்டு செல்லும் பழைய வீடு. என் தந்தையார் தமிழாசிரியர். 1962-ஆம் ஆண்டில், எனக்கு எட்டு வயதானபோது, அவர் ஒரு சிறிய கேமரா வாங்கினார். அதில் இடும் படச்சுருளில் 12 படங்களே எடுக்கலாம். அந்தப் பன்னிரண்டும் முடிய எங்கள் வீட்டில் ஓராண்டு ஆகும். பொங்கலுக்கு ஒன்று, புத்தாடைக்கு ஒன்று, பள்ளியில் பரிசு பெற்றால் ஒன்று என்று செட்டாக எடுப்பார்.

அதே ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு பூனைக்குட்டி எங்கள் வீட்டிற்குள் புகுந்தது. சாம்பல் நிறம், நெற்றியில் மூன்று கோடுகள். வந்த முதல் நாளே உறியில் வைக்க மறந்த பால் பாத்திரத்தைத் துடைத்து வைத்தாற்போல் நக்கிவிட்டது. எல்லோரும் சினந்தோம்; தந்தையார் மட்டும் சிரித்தார். இராமகாதையைப் பாடத் துணிந்த தம்மை, பாற்கடல் முழுவதையும் நக்கிவிட முயலும் பூனைக்குக் கம்பர் தம் அவையடக்கத்தில் ஒப்பிடுகிறார் அல்லவா? அதனை நினைந்து, "இவன் பெயர் கம்பன்" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டில் ஒருவர் மட்டும் அப்பெயரால் அதனை அழைக்கவில்லை. அவர் என் அத்தை, தந்தையாரின் தமக்கை. "பெரியவர்கள் பெயரைப் பூனைக்கு இடுவதா?" என்று கூறி, அவர் அதனைப் 'பிள்ளை' என்றே அழைத்தார். அணிலையும் கீரியையும் கிளியையும் பிள்ளை என்று சேர்த்து அழைப்பது நம் மக்களின் வழக்கம். தென்னங்கன்றும் நமக்குத் தென்னம்பிள்ளையே. அத்தை அந்த வரிசையில் பூனையையும் சேர்த்துக்கொண்டார் என்றே அந்நாளில் நான் எண்ணியிருந்தேன்.

இனிப் படங்களைப் பார்ப்போம். 1963-ஆம் ஆண்டுப் பொங்கல். திண்ணையில் தாத்தா அமர்ந்திருக்கிறார்; அருகில் அம்மா; கீழ்ப்படியில் நானும் தங்கையும். ஓரத்தில் கம்பன். நாங்கள் அனைவரும் கேமராவை நோக்குகிறோம்; கம்பனின் முகமோ ரேழியின் பக்கம் திரும்பியிருக்கிறது. அடுத்த ஆண்டு, தங்கை பரிசுக் கோப்பையுடன் முற்றத்தில் நிற்கிறாள். அவள் காலடியில் கம்பன். பார்வை அடுக்களை வாயிலில். 1965-ஆம் ஆண்டில் மாமல்லபுரம் சென்றிருந்தோம். அருச்சுனன் தபசு எனப்படும் ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் ஒரு பூனையையும், அதன் அருகே அஞ்சாது நிற்கும் எலிகளையும் இன்றும் நீங்கள் காணலாம். அதன் முன்னே எங்களை நிறுத்திப் படம் எடுத்த தந்தையார், "அசையாமல் நிற்கும் பூனை உலகில் இது ஒன்றுதான்" என்றார்.

சென்ற ஆண்டு என் பேத்தி இப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "தாத்தா, இந்தப் பூனை ஏன் ஒரு படத்திலாவது கேமராவைப் பார்க்கவில்லை? உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

அந்த வினா என்னைத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருந்தவர் அத்தை.

அத்தை இளமையிலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டிற்கு வந்தவர். நல்ல நாளில் கைம்பெண் முன்னே வந்து நிற்றல் ஆகாது என்பது அக்காலத்தின் கொடிய வழக்கம். கைம்பெண் மறுமணச் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நூறாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு படத்திற்கு நிற்க அத்தைக்கு இடம் கிடைக்கவில்லை. பொங்கல் அவர் கையால் பொங்கியது. படம் எடுக்கும் வேளையில் அவர் கதவின் பின்னே நின்றார். ஒருமுறை தந்தையார், "அக்கா, நீயும் வா" என்று அழைத்தது எனக்கு நினைவிருக்கிறது. "அடுப்பில் பால் இருக்கிறது, தம்பி. நீங்கள் எடுங்கள்" என்றார் அத்தை. இரண்டாம் முறை எவரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. மாமல்லபுரத்திற்கும் அவர் வரவில்லை. பூனைக்குப் பால் வைக்க ஆள் வேண்டுமே என்று வீட்டிலேயே தங்கிவிட்டார்.

பூனையின் காதுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒலி வரும் பக்கம் திரும்ப வல்லவை. மனிதச் செவிக்கு எட்டும் ஒலியினும் இரு மடங்குக்கு மேற்பட்ட நுண்ணிய ஒலியையும் அவை அறியும். அத்தையின் அடியோசையை நாங்கள் கேட்டதில்லை, கம்பன் கேட்டது. நாங்கள் அனைவரும் படத்திற்காக முகம் காட்டியபோது, அந்த வீட்டில் ஒருவர் இல்லை என்பதை அறிந்திருந்தது அது ஒன்றே.

நிழற்படக் கலையின் தொடக்கத்திலேயே இத்தகைய ஒரு செய்தி உண்டு. பிரெஞ்சு நாட்டுத் தகேர் என்பவர் 1838-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பெருந்தெரு ஒன்றை மாடிச் சாளரத்திலிருந்து படம் பிடித்தார். அக்காலத்தில் ஒரு படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். தெருவில் வண்டிகளும் மக்களும் சென்றுகொண்டிருந்தும் அவர்களுள் எவரும் படத்தில் இல்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவரும், மெருகிட்டவருமே தெரிகின்றனர். நின்றவர் பதிந்தனர், நடந்தவர் மறைந்தனர். படத்தில் காணப்படாத காரணத்தால் ஒருவர் அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பேத்தியின் வினாவிற்குப் பிறகு, தொகுப்பில் ஒட்டப்படாமல் உறையில் கிடந்த படங்களைத் தேடினேன். அவற்றுள் ஒன்று கலங்கலான படம். எங்கள் கேமராவின் கண் நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். நிற்பவர்க்கு அது மிகக் குறுகிய நேரம். பாயும் பூனைக்கு மிக நீண்ட நேரம். ஆகவே கம்பன் ஒரு சாம்பல் நிறக் கீற்றாகத் தெரிகிறது. அது பாய்ந்து செல்லும் நிலைப்படியில், வெள்ளைப் புடவையின் ஓரமும், பால் கிண்ணத்தைத் தரையில் வைக்கும் ஒரு கையும் பதிந்திருக்கின்றன. பின்புறத்தில் தந்தையார் பென்சிலால், "கம்பன், கெட்டுவிட்டது" என்று எழுதியிருந்தார்.

கம்பன் 1970-ஆம் ஆண்டில் இறந்தது. அடுத்த ஆண்டு அத்தையும் மறைந்தார். கெட்டுவிட்டது என்று ஒதுக்கப்பட்ட அந்தப் படம் ஒன்றே அவருக்கு உள்ள படம்.

அதன் பின்புறத்தில் அத்தையின் பெயரை எழுத எண்ணிப் பேனாவை எடுத்தேன். பெயர் நினைவிற்கு வரவில்லை. அவர் கையால் உண்டு வளர்ந்தவன் நான். எனினும் அவர் எனக்கு என்றும் அத்தையாகவே இருந்துவிட்டார். தங்கையைக் கேட்டறிந்துதான் எழுதினேன். அந்த நாணம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

நண்பர்களே! இன்று உங்கள் கைப்பேசியில் ஒரே நாளில் நூறு படங்கள் எடுக்கலாம். சுருள் தீரும் என்ற கவலை இல்லை. ஆயினும் வீட்டில் ஓயாது உழைப்பவர் இன்னும் கதவின் பின்னே நிற்கக்கூடும். அடுத்த முறை படம் எடுக்கும்போது, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். "அடுப்பில் பால் இருக்கிறது" என்று எவரேனும் சொன்னால், சென்று பாலை இறக்கி வைத்துவிட்டு, அவரை இரண்டாம் முறையும் அழையுங்கள்.