மிகுபொருள் விரும்பாமையும் மின்சாரமும்



நம் அறக்கட்டளையின் பழைய கடைக்கட்டடத்திற்குப் பெரிய குளிரூட்டிகள் வாங்குவதா என்பதே இன்று நம்முன் உள்ள வினா.

நியூயார்க்கில் 1931இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் புதுப்பிக்கும் திட்டம் 2009இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 6,500 சாளரங்களின் கண்ணாடிகளைக் கழித்தெறியாமல், இடையே மெல்லிய படலம் வைத்து அங்கேயே செப்பனிட்டுப் பொருத்தினர். உட்புகும் வெப்பம் குறைந்தது. குளிரூட்டும் எந்திரங்களை மாற்றாமல் சீரமைத்தலே போதுமானதாயிற்று.

நாமும் முதலில் கூரைக்கு வெண்பூச்சும், மேற்குச் சாளரங்களுக்கு நிழலும், எல்.இ.டி. விளக்குகளும் அமைப்போம், பின்னரே, குறைந்த தேவைக்கேற்ற சிறிய எந்திரம் வாங்குவோம்.

நிலமும் நீரும் தீயும் காற்றும் உயிருடையன என்பது நம் சமயம். தேவையைச் சுருக்கிய பின் வாங்குவதே மிகுபொருள் விரும்பாமை. மிஞ்சும் வாடகை ஜினாலய விளக்கிற்கும் நம் பிள்ளைகளின் கல்விக்கும் ஆகுக!