புரோகிராம் எழுதும் முன்



மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் ஒரு கமிஷன் கடை ஓரமாக நின்று பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து மல்லிகை மூட்டை வந்து இறங்கும். எடை போட்டுச் சீட்டு எழுதுவார்கள். ஆறு மணிக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு வேறு விலை. முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். கமிஷன் கழியும், விவசாயி முன்பணம் வாங்கியிருந்தால் அதிலும் கொஞ்சம் கழியும். மிச்சம்தான் அவர் கைக்கு. கணக்குப்பிள்ளை இத்தனையையும் வாய்க்கணக்காகவே போட்டு முடித்துவிடுவார்.

இந்தக் கடைக்குக் கம்ப்யூட்டர் வைக்க வேண்டும் என்றால் முதலில் யார் வரவேண்டும்? அந்தக் கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தகவல் யாரிடமிருந்து வருகிறது, எங்கே பதிவாகிறது, யாருக்குப் போகிறது என்று கேட்டுப் படமாக வரைகிறவர்தான் வரவேண்டும். புரோகிராம் எழுதுகிறவருக்கு வேலை அதற்குப் பிறகுதான். அப்படிக் கேட்டு வரைகிறவரைத்தான் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்கிறோம்.

இந்தத் தொழில் பிறந்ததும் கடைக்கணக்கில்தான். இங்கிலாந்தில் லயன்ஸ் என்ற டீக்கடை நிறுவனம் 1951-இல் லியோ என்ற தன் சொந்தக் கம்ப்யூட்டரில் பேக்கரிக் கணக்கைப் போட்டது. அங்கே வேலை பார்த்த டேவிட் கேமினரை உலகின் முதல் வணிக சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று சொல்வார்கள். கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலை லியோவுக்கு வந்தபோது, ஒவ்வொரு கடையும் தினமும் முழுப் பட்டியல் தரவேண்டியிருக்கவில்லை. வழக்கமான ஆர்டர் முன்பே பதிவாகியிருக்கும். அன்றைக்கு எது கூட, எது குறைய என்பதை மட்டும் கடைப் பொறுப்பாளர் போனில் சொன்னால் போதும். கடை நடக்கும் விதத்தைக் கூர்ந்து பார்த்தவருக்குத்தான் இப்படியொரு யோசனை வரும்.

சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் ஆவதற்கான படிப்பு சமுதாயக் கல்லூரிக்கு ஏற்றது என்று நான் உறுதியாக நம்புவதற்குக் காரணமும் இந்தக் கூர்ந்த பார்வைதான். சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்வி முறை. நம் பக்கத்தில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் முதலில் தொடங்கியது, மறு வருஷம் சென்னையிலும் வந்தது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. உள்ளூர்த் தொழில்களோடு கைகோத்துப் பாடம் நடத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை.

மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் கல்லூரிக்குப் பஸ் ஏறி வருகிற பிள்ளைகளில் பலருக்கு மண்டியும் அரிசி ஆலையும் வீட்டுப் பேச்சு. முன்பணம் என்றால் என்னவென்று யாரும் விளக்கவேண்டியதில்லை. பெரிய நகரத்திலிருந்து வருகிற நிபுணர் பல நாள் கேட்டுத் தெரிந்துகொள்வது இவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் நூலகப் புத்தகக் கணக்கு, ரயில் முன்பதிவு என்று பழைய உதாரணங்களையே திரும்பத் திரும்பக் கொடுப்பதும், காசு கொடுத்தால் ரெடிமேடாகக் கிடைக்கிற ப்ராஜெக்டைக் கண்டும் காணாமல் விடுவதும் எனக்குப் பெரிய வருத்தம்.

இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் நிறுவனத்தின் ஐ.டி. பூங்காக்கள் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் வேலை அங்கே மட்டும் இல்லை; கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவருக்கும் இருப்புக் கணக்கு வேண்டும், ஜிஎஸ்டி கணக்கு வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர் கல்லூரியில் மூன்று விஷயம் கேளுங்கள். உண்மையான ஒரு கடைக்கோ ஆலைக்கோ எத்தனை வாரம் அனுப்புவீர்கள்? மாணவர் வரைந்த படத்தை அந்தக் கடைக்காரர் பார்த்துத் திருத்துவாரா? இங்கே வாங்குகிற டிப்ளமோவை வைத்து மேலே பட்டப்படிப்பில் சேர வழி உண்டா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்.