லிங்கன் தீவில் முன்பே இருந்தவர்



உலக வரைபடத்தில் இல்லாத ஒரு தீவின் வரலாற்றை இன்று உங்கள்முன் எடுத்துவைக்க விழைகின்றேன். அத்தீவுக்கு மலையும் ஆறும் ஏரியும் உண்டு. மக்கள் குடியேறிய நாளும், அது கடலில் மறைந்த நாளும் குறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் அது ஒரு நாவலுக்குள் மட்டுமே இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1874, 1875 ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட 'மர்மத் தீவு' என்னும் நாவலில் வரும் லிங்கன் தீவே அது. இல்லாத தீவின் வரலாறு நமக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு குடியேற்றத்தின் வரலாறு எவ்வாறு எழுதப்படுகிறது, அதில் யார் இடம்பெறுகிறார், யார் விடுபடுகிறார் என்பதை அது நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதி நாள்கள். 1865 மார்ச் மாதத்தில், ரிச்மண்ட் நகரில் சிக்குண்டிருந்த ஐவர் ஒரு பலூனில் ஏறித் தப்புகின்றனர். பொறியாளர் சைரஸ் ஸ்மித், செய்தியாளர் ஸ்பிலெட், மாலுமி பென்கிராஃப், சிறுவன் ஹெர்பர்ட், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட நாப் ஆகியோரே அந்த ஐவர். உடன் ஒரு நாயும் உண்டு. சூறாவளி அவர்களைத் தென் பசிபிக்கின் ஆளரவமற்ற தீவொன்றில் வீசியெறிகிறது.

பலூன் கீழிறங்காதிருக்கக் கையிலிருந்த அனைத்தையும் அவர்கள் கடலில் எறிந்துவிட்டனர். எஞ்சியவை உடுத்திய உடையும் இரண்டு கடிகாரங்களும் போன்ற சிலவே. பொறியாளர் அக்கடிகாரங்களின் கண்ணாடிகளை இணைத்து, இடையே நீர் நிரப்பி, வெயிலைக் குவித்து நெருப்பு உண்டாக்குகிறார். சிறுவனின் சட்டை மடிப்பில் ஒரே ஒரு கோதுமை மணி கிடைக்கிறது. ஒரு மணி எண்ணூறு மணிகளைத் தருமாயின், இரண்டாம் அறுவடையில் 6,40,000 மணிகளும் மூன்றாம் அறுவடையில் 51 கோடியே 20 லட்சம் மணிகளும் விளையும் என்று பொறியாளர் கணக்கிட்டுக் காட்டுகிறார். செங்கல், இரும்பு, வெடிமருந்து, தந்திக் கம்பி என ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தும் உருவாகின்றன. அறிவும் உழைப்பும் மனிதனை எவ்வளவு உயர்த்தும் என்பதை இவ்வளவு மகிழ்ச்சியோடு சொன்ன நாவல்கள் சிலவே.

இனி, நான் வலியுறுத்த விரும்பும் இடத்திற்கு வருகிறேன். கரைசேர்ந்த சில நாள்களிலேயே அவர்கள் மலையுச்சியில் ஏறி நின்று தீவு முழுவதற்கும் பெயர் சூட்டுகின்றனர். மலைக்கு ஃபிராங்க்ளின், ஏரிக்குக் கிராண்ட், விரிகுடாக்களுக்கு யூனியன், வாஷிங்டன், தீவுக்கு லிங்கன். கப்பலுடைந்து ஒதுங்கியவர்களாகத் தம்மைக் கருதாமல், குடியேற வந்தவர்களாகவே தம்மைக் கருதவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்கின்றனர். பெயர் சூட்டிய அந்த நாளிலிருந்து தீவு அவர்களுடையதாகிறது. அங்கே வேறு எவரும் இல்லை என்பதே அவர்கள் நம்பிக்கை.

ஆனால், அங்கே ஒருவர் இருந்தார். கடற்கரையில் கருவிகள் நிறைந்த பெட்டியொன்று ஒதுங்குகிறது. சிறுவன் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது மேசைமேல் கொயினா மருந்து வந்து சேர்கிறது. கொள்ளையர் கப்பல் கண்முன்னே வெடித்துச் சிதறுகிறது. இவற்றையெல்லாம் செய்தவர், தீவின் அடியிலுள்ள குகையில் தம் நீர்மூழ்கிக் கப்பலோடு தனித்து வாழ்ந்த கேப்டன் நீமோ. நீமோ என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'யாருமில்லை' என்று பொருள். யாருமில்லை என்று கருதப்பட்ட தீவில், 'யாருமில்லை' என்று தமக்கே பெயரிட்டுக்கொண்ட ஒருவர் அவர்களைக் காத்துவந்தார்.

அவர் யார்? வெர்ன் முதலில் அவரை ரஷ்யாவுக்கு எதிராகப் போராடிய போலந்து நாட்டவராகவே எண்ணியிருந்தார். பதிப்பாளர் எட்செல் அதற்கு இசையவில்லை. 'மர்மத் தீவில்' நீமோ ஓர் இந்தியர். புந்தேல்கண்ட் அரசரின் மகன், திப்பு சுல்தானின் உறவினர், இளவரசர் டக்கார். ஐரோப்பாவில் கல்வி கற்றவர். 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவர். தம் மண்ணைக் குடியேற்ற ஆட்சியிடம் பறிகொடுத்த அவருடைய கடைசிப் புகலிடத்தின்மீது, இன்னொரு குடியேற்றம் தன் பெயர்களை எழுதிச் செல்கிறது.

இறக்கும் தறுவாயில் அவர் தம் வரலாற்றைக் கூறுகிறார். அதற்குப் பொறியாளர் சொல்லும் தீர்ப்பு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கடந்த காலத்தை மீட்க முடியும் என்று நம்பியதும், தேவையான முன்னேற்றத்தை எதிர்த்ததுமே உங்கள் பிழை என்கிறார் அவர். அடிமைமுறையை வெறுத்த நல்ல மனிதரே அயலாட்சிக்கு முன்னேற்றம் என்று பெயரிடுகிறார். வெர்ன் அந்த இந்தியருக்குக் குரல் கொடுத்தார். எனினும் தீர்ப்புரைக்கும் உரிமையைப் பொறியாளரிடமே விட்டுவிட்டார்.

அந்தக் குரலும் ஆங்கில வாசகரிடம் முழுமையாகச் சென்று சேரவில்லை. 1875 ஆம் ஆண்டில் கிங்ஸ்டன் பெயரில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் பிரித்தானிய ஆட்சியின்மீது நீமோ கொண்ட சினம் மழுங்கடிக்கப்பட்டது. பொறியாளர் ஸ்மித்தின் பெயர்கூட ஹார்டிங் என்று மாற்றப்பட்டது. நெடுங்காலம் ஆங்கிலத்தில் பரவலாகப் படிக்கப்பட்டது அந்த மொழிபெயர்ப்பே. மூலத்துக்கு நெருக்கமான புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் 2001 ஆம் ஆண்டில் வெளிவந்தன. மொழிபெயர்ப்பைக் கற்கும் மாணவர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். ஒரு சொல்லை மாற்றும் கை, ஒரு வரலாற்றையே மாற்றிவிடக்கூடும்.

இத்தீவில் நம் வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரும் இருக்கிறார். குடியேறியவர்கள் ஓர் ஓராங் ஊத்தானைப் பிடித்து, ஜூப் என்று பெயரிட்டு, உணவு பரிமாறும் பணியாளாகப் பழக்குகின்றனர். போர்னியோவிலும் சுமத்ராவிலும் மட்டுமே வாழும் உயிரினம் அது. மலாய் மொழியில் அதன் பெயருக்குக் 'காட்டு மனிதன்' என்று பொருள். தென் பசிபிக்கில் அதற்கு இடமில்லை. ஆனாலும் பணிசெய்ய ஓர் உயிர் தேவைப்பட்டபோது, கற்பனை நம் காடுகளைத் தேடி வந்தது.

1869 மார்ச் 9 அன்று எரிமலை வெடித்துத் தீவு மறைகிறது. ஒரு பாறையில் ஒதுங்கியவர்களை மீட்கக் கப்பல் வந்ததும், நீமோ முன்கூட்டியே வேறொரு தீவில் விட்டுவைத்த குறிப்பினாலேயே. அவர் தந்த மணிகளைக் கொண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலம் வாங்கி, அங்குள்ள ஆற்றுக்கும் மலைக்கும் ஏரிக்கும் அதே பழைய பெயர்களைச் சூட்டுகின்றனர். அயோவா என்பதோ, அம்மண்ணில் முன்பு வாழ்ந்த பழங்குடியினரின் பெயர். நாவல் அவர்களைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, இந்நாவலை மாணவர்களிடமிருந்து விலக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. அவர்கள் இதனை ஆர்வத்தோடு படிக்கட்டும். கோதுமை மணிக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அத்துடன் மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். பெயர் வைத்தவர் யார்? அதற்குமுன் அங்கே இருந்தவர் யார்? அவர் பேச்சு நம் கைக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆயிற்று?

இக்கேள்விகள் நம் மண்ணுக்கும் உரியவை. பால்மரத் தோட்டங்களுக்கு ஏட்டில் துரைமார் வைத்த பெயர் ஒன்று; அங்கு உழைத்த நம் மக்களின் வாயில் வழங்கிய பெயர் இன்னொன்று. ஏட்டுப் பெயர் ஆவணத்தில் இருக்கும். வாய்ப் பெயர் நம் பாட்டிமார், தாத்தாமாரோடு மறைந்துவருகிறது. மாணவச் செல்வங்களே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தோரிடம் அப்பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அங்கே யாருமில்லை என்று பிற்காலத்தில் எவரும் எழுதிவிடாதிருக்க அது துணைசெய்யும்.