ஜீப்புக்கு அடியில் என்ன சத்தம்?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பேசியது)



மலைக்குச் சாமான் ஏற்ற, குழுக்கடனில் பழைய மஹிந்திரா ஜீப் வாங்கினவங்க இங்கே இருக்கீங்க. அதன் அடியில் நீளமாக ஓடும் குழாய்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அதன் முனைகளில் சிலுவை மாதிரி இருப்பதை மெக்கானிக் 'கிராஸ்' என்பார்.

கிளட்சை விடும்போது 'டக்'கென்று அடித்தால் முதலில் கிராஸைப் பாருங்கள். சமதரையில் இன்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீங்க! சில பழைய ஜீப்பில் அது பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டைக் கழற்றினதும் பிரேக்கும் போச்சு, கியரும் பிடிக்காது. வண்டி உருண்டால் அடியில் படுத்திருக்கிறவர் கதி என்ன?

ஷாஃப்டைப் பிடித்து முறுக்குங்கள். மொத்தமாக லேசாச் சுழன்றால் பயமில்லை. கிராஸ் தனியாக ஆடினாலோ, ஓரத்தில் துருத்தூள் தெரிந்தாலோ மாற்றணும்.

"ஷாஃப்டே போச்சு" என்றால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குழாய் வளையாமல், நசுங்காமல், பல் தேயாமல் இருந்தால் கிராஸ் மட்டும் மாற்றினால் போதும். செலவு எவ்வளவோ குறையும். கழற்றுமுன் இரண்டு பக்கமும் பெயின்ட் கோடு போடணும். கோடு மாறி மாட்டினால் புதுசும் அதிரும். நட்டு போல்ட்டும் புதுசாகவே போடச் சொல்லுங்கள்.

ஓடைத் தண்ணீரில் இறங்கின வண்டிக்கு உடனே கிரீஸ் அடிக்கணும்.

பழைய கிராஸைக் கேட்டு வாங்கி, பில்லோடு கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. தீர்மான நோட்டில் எழுதணுமே!