கரை காத்தவரின் கல்வி
(இளைஞர் முகாம் நிறைவு நாளன்று ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் வெள்ளி விழா ஆண்டில், செங்கற்பட்டு மாவட்டத்து ஏரிக்கரை ஒன்றில் இரண்டு நாள் கூடியிருந்தோம். இருளர் குடியின் முதியோர் நமக்கு வயல் வரப்புகளில் பாம்பின் தடங்களைக் காட்டினர். நம் முதியோர் ஏரியின் மதகையும் கலங்கலையும் காட்டினர். முதல் நாளன்றே இளைஞர் ஒருவர் எழுந்து வினவினார்: “சேற்றிலிருந்து கரையேறவே எங்களைப் படிக்க வைத்தீர்கள். மீண்டும் சேற்றுக்கே அழைப்பது முறையா?” இது நேர்மையான கேள்வி. இதற்கு விடை கூறாமல் இம்முகாமை முடித்தல் தகாது.

முதலில் இருளர் மக்களை எண்ணிப் பாருங்கள். பாம்பைப் பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்தோர் அவர்களுள் பலர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வணிகம் நின்றது, பிழைப்பும் போயிற்று. ஆயினும் தடத்தைக் கொண்டே பாம்பைத் தேடிக் காணும் அறிவு அழியவில்லை. 1978-ஆம் ஆண்டு, பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்தையடுத்த வடநெம்மேலியில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானைகளில் வைத்து நஞ்செடுக்கின்றனர். பின்னர் அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு உயிரோடு விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைக் கொண்டே கடிபட்டோரைக் காக்கும் மருந்து செய்யப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர்க்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அறிவு பழையதே, அதனைத் தம் சங்கத்தின் வாயிலாகப் பயன்படுத்தும் நிலைதான் புதியது.

இனி நம் கதைக்கு வருவோம். தமிழகத்தின் பல ஊர்களில் ஏரி நீரைப் பங்கிடும் நீர்க்கட்டியாய் இருந்தோர் நம் முன்னோர். எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விடுவது, அடைமழையில் கரை எங்கே கசியும் என்பவற்றையெல்லாம் அவர்கள் அறிந்திருந்தனர். ஊர் உறங்கிய இரவில் கரையில் விழித்திருந்தவர்கள் அவர்கள். களத்தில் அளந்துபோட்ட நெல்லே கூலி. ஊர் வயலுக்கெல்லாம் நீர் பாய்ச்சிய பலர்க்குச் சொந்தமாய் ஒரு பாத்தியும் இல்லை. பொதுக்குளத்தில் நீர் மொள்ளவும் நம் மக்களுக்குத் தடை இருந்தது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், மராட்டியத்து மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகியது அத்தகைய தடையை உடைக்கவே அன்றோ?

ஆகவே இளைஞர்களே, உங்கள் கேள்விக்கு விடை இதுவே. நாம் விட்டொழிக்க வேண்டியது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட ஏவலை. அந்த ஏவலுக்கிடையே நம் முன்னோர் வளர்த்த அறிவை அன்று. மடை திறப்பது உன் குலத்தின் கடமை என்று எவரேனும் கூறின், தலைநிமிர்ந்து மறுப்போம். அதே வேளையில், நீரறிந்தோர் நம் குடியில் வாழ்ந்தனர் என்பதை மறக்கவும் மாட்டோம். கற்ற பிள்ளைகளே அவ்வறிவை இகழ்ந்தால், நம் கையில் எஞ்சுவது ஏவலின் வடு மட்டுமே.

ஊர் திரும்பியதும் இரண்டு பணிகளைச் செய்யுங்கள். முதியோரிடம் அமர்ந்து, வாய்க்காலின் பெயர், மீனின் பெயர், மூலிகையின் பெயர், கரை காத்த முறை அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். அடுத்து, கிராம சபைக்குச் செல்லுங்கள். வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. ஏரி ஆக்கிரமிக்கப்படும்போதும் வரத்துக்கால் தூர்ந்துபோகும்போதும் அங்கே எழுந்து பேசுங்கள். அன்று கரையைக் காத்தவர்க்குப் பேசும் உரிமை இல்லை. இன்று உங்களுக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தவே நம் சங்கம் உங்களைக் கற்பித்தது.